பாட்டின் பக்கத்தில் இருந்தவர்

பக்கவாத்தியம் என்ற சொல்லைத் தமிழில் நாம் வெகு இயல்பாகப் பயன்படுத்துகிறோம். பாடுகிறவர் நடுவில் இருப்பார். வயலினும் மிருதங்கமும் இரு பக்கத்திலும் இருக்கும். ஆனால் பக்கத்தில் இருக்கிறவர் என்பதற்காக அவர் குறைந்தவர் என்று நமது கச்சேரி மரபு முடிவுகட்டி விடவில்லை. பாடகர் ஆலாபனையை நிறுத்தியதும் வயலின்காரர் தம் முறைக்கு அதே இராகத்தை விரித்துக் காட்டுகிறார். மிருதங்கக்காரருக்குத் தனி ஆவர்த்தனம் உண்டு. அந்த நேரத்தில் சபையின் கண் முழுவதும் அவர் மீதுதான்.

ஐரோப்பிய சாஸ்திரிய இசையில் பாடகருக்குப் பியானோ வாசிப்பவருக்கு இந்த வசதிகள் எதுவும் இல்லை. அவர் வாசிக்க வேண்டிய ஒவ்வொரு சுரமும் தாளில் எழுதப்பட்டிருக்கிறது. மனோதர்மத்துக்கு இடமில்லை. தனி ஆவர்த்தனமும் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவருடைய பெயர் கச்சேரி விளம்பரத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும். பல இசைத்தட்டுகளின் நடுத்தாளில் அந்தப் பொடி எழுத்துக்கூட இராது; 'பியானோவுடன்' என்று மட்டும் இருக்கும். பியானோ தானே வாசித்துக்கொண்டது போல!

அத்தகைய வேலையை ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம் செய்து, அந்த வேலைக்கே ஒரு மரியாதையைத் தேடிக் கொடுத்தவர் ஜெரால்ட் மூர் என்ற ஆங்கிலேயர். அவர் திறமையான வாத்தியக்காரர் என்பது இசையறிந்தவர்கள் சொல்ல வேண்டிய விஷயம். இலக்கிய நேயர்கள் முன் நான் அவரைப் பற்றிப் பேச விரும்புவது வேறொரு காரணத்துக்காக. கவிதையை வாசிப்பது என்றால் என்ன என்பதைப் பியானோவின் முன் இருந்து காட்டியவர் அவர் என்பது என் எண்ணம்.

இதை விளங்கிக்கொள்ள அவர் வாசித்த பாடல்களைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். 1814 ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில், வியன்னாவில், பதினேழு வயது இளைஞனான ஃபிரான்ஸ் ஷூபர்ட் கவிஞர் கதேயின் 'ஃபவுஸ்ட்' நாடகத்திலிருந்து ஒரு பாட்டை எடுத்து இசையமைத்தான். கிரெட்ஷென் என்ற பெண் இராட்டையின் முன் இருந்து நூல் நூற்கிறாள். பிரிந்துபோன காதலனை நினைக்கிறாள். பியானோவின் வலது கை இராட்டையாகச் சுற்றிக்கொண்டேயிருக்கிறது. அவன் தந்த முத்தத்தை அவள் நினைத்த இடத்தில் பியானோ நின்றுவிடுகிறது. பிறகு தட்டுத் தடுமாறி, ஒருமுறை, இன்னொருமுறை எத்தனித்து, மறுபடியும் சுற்றத் தொடங்குகிறது. இராட்டை நின்றது என்று கதே எழுதவில்லை. அவள் கை ஓய்ந்தது என்றும் எழுதவில்லை. கவிதையின் இரண்டு வரிகளுக்கு இடையில் இருந்ததை ஷூபர்ட் பியானோவுக்கு எழுதினான்.

ஜேர்மன் மொழியில் 'லீட்' என்று வழங்கும் இந்தக் கவிதைப் பாடல் மரபில் பியானோ சுருதிப்பெட்டி அல்ல. கவிதையின் பாதிப் பொருள் அதனிடந்தான் இருக்கிறது. 'வனதேவராஜன்' பாட்டில் நோயுற்ற பிள்ளையைச் சுமந்து தகப்பன் குதிரையில் விரைகிறான். அந்தக் குதிரையின் குளம்பொலி பியானோவில். 1827 இல் வில்ஹெல்ம் முல்லரின் கவிதைகளுக்கு ஷூபர்ட் அமைத்த 'குளிர்காலப் பயணம்' என்ற தொகுதியின் கடைசிப் பாட்டில், ஊர்ப்புறத்தில் ஒரு கிழவன் பனியில் வெறுங்காலோடு நின்று கைப்பெட்டி வாத்தியத்தைச் சுழற்றுகிறான். அவனுடைய வாத்தியத்தின் சுருதி பியானோக்காரரின் இடது கையில் மாறாமல் ஒலிக்கும் இரண்டு சுரங்களில் இருக்கிறது.

1816 இல் ஷூபர்ட்டின் நண்பரான ஷ்பவுன் இந்தப் பாடல்களிற் சிலவற்றைக் கதேக்கு அனுப்பிவைத்தார். பிரதி திரும்பி வந்தது. பதில் ஒரு வரிகூட வரவில்லை. எளிய துணையோடு கவிதையைச் சுமந்து செல்லும் இசையையே கதே விரும்பினார். அவருடைய நண்பர் செல்ற்றர் அமைத்த மெட்டுகள் அப்படிப்பட்டவை. பியானோ இவ்வளவு பேசலாமா, அது கவிதைக்கு மேலே ஏறி உட்கார்ந்துவிடாதா என்ற கேள்வி அப்போதே பிறந்துவிட்டது. நூற்றைம்பது வருடங்களுக்குப் பிறகு ஜெரால்ட் மூர் தம் சுயசரிதைக்கு வைத்த தலைப்பும் இதே கேள்விதான்: 'என் சத்தம் கூடிவிட்டதா?'

ஷூபர்ட் காலத்தில் இப்பாடல்கள் நண்பர்கள் கூடும் வீட்டுக் கூடத்திற்கு உரியவை. ஜோஹான் மைக்கேல் ஃபோகிள் பாடுவார், ஷூபர்ட்டே வாசிப்பார். அந்த வேளையில் தாங்கள் இருவரும் ஒருவர் ஆகிவிடுவது போன்றிருக்கும் என்ற கருத்தை ஷூபர்ட் தம் சகோதரருக்கு எழுதிய கடிதமொன்றிற் காணலாம். பிறகு இப்பாடல்கள் பெரிய மண்டபங்களுக்குப் போயின. 1856 இல் ஜூலியஸ் ஷ்டொக்ஹவுசன் என்ற பாடகர் வியன்னாவில் 'ஆலைக்காரனின் அழகுமகள்' தொகுதி முழுவதையும் பொதுமேடையிற் பாடினார். மண்டபம் பெருக்கப் பெருக்கப் பாடகரின் புகழும் பெருகியது. பியானோக்காரர் சிறுத்துப் போனார். இசை எழுதியவரே உட்கார்ந்த ஆசனம், கூலிக்கு வந்தவரின் ஆசனமாக மாறியது இப்படித்தான்.

ஜெரால்ட் மூர் 1899 ஆம் ஆண்டு ஜூலை 30 ஆம் திகதி இங்கிலாந்தில் வொட்ஃபோர்ட் என்ற ஊரிற் பிறந்தார். பியானோ அவர் தேடிப்போன ஆசை அல்ல, தாயாரின் வற்புறுத்தல். பதின்மூன்று வயதளவில் குடும்பம் கனடாவுக்குக் குடிபெயர்ந்தது. ரொறொன்ரோவில் மைக்கேல் ஹம்போர்க் என்ற ரஷ்ய நாட்டு ஆசிரியரிடம் படித்தார். ஆசிரியர் 1916 இல் மறைந்தார். இளைஞர் மூர் தேவாலயத்தில் ஓர்கன் வாசித்தார். பிறகு சினிமாக் கொட்டகையில், பேசாத படங்களுக்கு ஓர்கன் வாசித்தார். அந்தக் கொட்டகை வேலையை அவர் அடியோடு வெறுத்தார். ஆனால் திரையில் ஒரு முகம் மாறும்போது கையும் மாற வேண்டும் என்ற பழக்கம் அங்கே அவருக்கு வந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன். தன் முன்னால் நடப்பதைக் கண் விலகாமற் பார்த்துக்கொண்டு வாசிப்பதே பிற்காலத்தில் அவர் தொழிலாயிற்று.

1919 இல் இலண்டனுக்குத் திரும்பினார். ஆசிரியரின் மகனும் புகழ்பெற்ற பியானோ கலைஞருமான மார்க் ஹம்போர்க் அவர்மீது கவனம் வைத்தார். கில்ட்ஹோல் இசைக்கல்லூரியின் அதிபரான லண்டன் ரொனால்ட் அவரது வாசிப்பைக் கேட்டு, பக்கவாத்தியத் தொழிலையே எடுத்துக்கொள்ளும்படி ஆலோசனை சொன்னார். தனிக் கலைஞனாக வர நினைக்கிற இருபது வயது இளைஞனுக்கு இது எத்தகைய புத்திமதி என்று எண்ணிப் பாருங்கள். 'நீ நாயகனாக வரமாட்டாய்' என்பதை நயமாகச் சொன்னது போலத்தான் அது இருந்திருக்கும்.

1921 இல் ரெனே ஷெமே என்ற பிரெஞ்சு வயலின் கலைஞருக்குப் பக்கத்தில் இருந்து முதன்முதலாக இசைத்தட்டுக்கு வாசித்தார். அக்காலத்தில் ஒலிவாங்கி இல்லை. ஒரு பெரிய தகரப் புனலின் முன் நின்று பாட வேண்டும். அதன் அதிர்வு நேரே மெழுகுத் தட்டில் கீறப்படும். பியானோவின் மென்மையான சுரங்கள் அந்தப் புனலுக்குள் புகாது. ஆகவே பியானோக்காரர் ஆரம்பம் முதல் முடிவு வரை ஓங்கி அடிக்க வேண்டியிருந்தது. தம் வாழ்நாள் முழுவதும் சத்தத்தை அளந்து வாசித்த ஒருவர், தொழிலைத் தொடங்கியது இப்படி. 1925 இல் மின்சார ஒலிப்பதிவு வந்தது. ஒலிவாங்கி மெல்லிய சுரத்தையும் கேட்டது. பாடகருக்கும் பியானோவுக்கும் இடையில் உள்ள நிறுவை முதன்முறையாக வீட்டிலிருந்து கேட்கக்கூடியதாயிற்று. மூரின் புகழுக்கு அவருடைய விரல்கள் எவ்வளவு காரணமோ, அந்த ஒலிவாங்கியும் அவ்வளவு காரணம் என்று சொல்லலாம்.

ஆனால் அவரை ஆளாக்கியவர் ஒரு பாடகர். ஜோன் கோட்ஸ் என்ற அந்தத் தெனர் குரல்காரர், மூர் அவருடன் சேர்ந்த காலத்தில் அறுபது வயதை எட்டியிருந்தார். ஒத்திகையில் அவர் சலுகை காட்டியதில்லை. பியானோ சுரங்களைத் தப்பின்றி வாசித்தாற் போதும் என்ற எண்ணத்தோடு போன இளைஞரை நிறுத்தி நிறுத்தி, இந்த அடி ஏன் இங்கே வருகிறது, இந்தச் சொல்லுக்குப் பின் ஏன் இந்த மௌனம் என்று கேட்டு வாட்டினார். பக்கவாத்தியக்காரன் வேலையாள் அல்லன், பங்காளி என்பதைத் தமக்குக் கற்றுத்தந்தவர் கோட்ஸ் என்று மூர் கடைசிவரை நன்றியோடு சொல்லிவந்தார். பங்காளி என்ற மரியாதை வந்தபோது அதனுடன் பொறுப்பும் வந்தது. வேலையாளுக்குப் பாட்டின் பொருள் தெரியவேண்டியதில்லை. பங்காளிக்குத் தெரிந்தாக வேண்டும்.

அந்தப் பொறுப்பு எத்தகையது? பாடகர் மூச்செடுக்கும் இடம் பியானோக்காரருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு பாடகரின் மூச்சும் வேறு. ஒரே பாடகருக்கும் இரவுக்கிரவு வேறு. ஒரு பாட்டை உயர்ந்த குரல்காரர் ஒரு சுருதியிலும் தாழ்ந்த குரல்காரர் இன்னொரு சுருதியிலும் பாடுவார்கள். சுருதி மாறும்போது பியானோவில் விரல்கள் போகும் வழியே மாறிவிடும். கீழே இறங்கினால் இடது கையின் சுரங்கள் கலங்கல் தண்ணீர் போலாகும். அதைத் தெளியவைக்க விரலின் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். 'வனதேவராஜன்' பாட்டில் வலது கை ஒரே சுரத்தை மூன்று மூன்றாக, இடைவிடாது, வேகமாக அடித்துக்கொண்டேயிருக்க வேண்டும். பாடகர் இடையிடையே ஓய்வார், குதிரைக்கு ஓய்வில்லை. அந்த வேதனையைச் சபை அறியக்கூடாது. அறிந்தால் குதிரை மறைந்து மனிதனின் கை தெரிந்துவிடும்.

ஹைனேயின் கவிதைகளுக்கு ரொபர்ட் ஷூமன் 1840 இல் இசையமைத்த 'கவிஞனின் காதல்' என்ற தொகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசிக் கவிதையில் காதலன் தன் பழைய பாட்டுகளையும் கனவுகளையும் ஒரு பெரிய சவப்பெட்டியில் வைத்துக் கடலில் இறக்கச் சொல்கிறான். கசப்பும் கேலியும் கலந்த கவிதை. அது முடிந்ததும் பாடகர் வாய்மூடி நிற்க, பியானோ தனியே நெடுநேரம் பேசுகிறது. அந்தப் பேச்சில் கசப்பு இல்லை; மன்னிப்பு இருக்கிறது. ஹைனே முடித்துவிட்ட இடத்துக்கு அப்பால் ஷூமன் போகிறார். அந்த வழியில் சபையை அழைத்துச் செல்கிறவர் இதுவரை பக்கத்தில் இருந்தவர். அதை வெறும் முடிவுரையாக வாசித்துவிடலாம். பாடகர் சொல்லாமல் விட்டதைச் சொல்வதாகவும் வாசிக்கலாம். மூரின் வாசிப்பு இரண்டாவது வகை. நான் அவரை வாசகர் என்று சொல்வது இதனாலேதான்.

1939 இல் யுத்தம் வந்தது. இலண்டன் தேசிய ஓவியக்கூடத்தின் படங்கள் பாதுகாப்புக்காக வேறிடங்களுக்கு அனுப்பப்பட்டன. மண்டபங்கள் இருண்டு கிடந்த அந்நாளில், வெறுமையான அக்கூடத்தில் பியானோ கலைஞர் மைரா ஹெஸ் மதியவேளைக் கச்சேரிகளைத் தொடங்கினார். கட்டணம் ஒரு ஷில்லிங். 1939 ஒக்ரோபர் 10 ஆம் திகதி முதல் 1946 ஏப்ரல் வரை 1,698 கச்சேரிகள் நடந்தன. குண்டு விழுந்த காலத்தில் சனங்கள் நிலவறையில் இருந்து கேட்டார்கள். ஜேர்மனி எதிரி நாடு. ஆனால் பேத்தோவனும் ஷூபர்ட்டும் விலக்கப்படவில்லை. இக்கச்சேரிகளில் தம் தொழிலைப் பற்றிப் பேசுமாறு மைரா ஹெஸ் மூரைக் கேட்டுக்கொண்டார். இவ்வளவு காலமும் வாய் திறவாது இருந்தவர் சபைக்கு முன் பேசினார். அவரிடம் நகைச்சுவை இருந்தது. பாட்டை எப்படிக் கெடுக்கலாம் என்று வாசித்துக் காட்டுவார். பிறகு எப்படி வாசிக்க வேண்டும் என்று காட்டுவார். சிரித்த சபை அடுத்த நிமிடம் மௌனமாகிவிடும். 1943 இல் அவருடைய முதல் நூல் வெளிவந்தது. 'வெட்கப்படாத பக்கவாத்தியக்காரர்' என்று அதன் தலைப்பைத் தமிழிற் சொல்லலாம். வெட்கப்பட வேண்டிய தொழில் என்று எவரோ நினைத்திருந்தபடியால்தானே அப்படியொரு தலைப்பு தேவைப்பட்டது!

யுத்தத்துக்குப் பிறகு நீண்ட நேரம் ஓடும் இசைத்தட்டு வந்தது. தனித்தனிப் பாட்டாகக் கேட்ட தொகுதிகளை முழுமையாக வீட்டிற் கேட்க முடிந்தது. மூரின் பெயர் உலகெங்கும் பரவியது இக்காலத்தில்தான். ஷலியாபின், எலேனா கெர்ஹார்ட், பாப்லோ கஸால்ஸ் முதலிய மூத்த தலைமுறையோடு வாசித்தவர், கதலீன் ஃபெரியர், எலிசபெத் ஷ்வார்ஸ்கோஃப், விக்ரோரியா டி லொஸ் ஏஞ்செலஸ், ஜனற் பேக்கர் என்று அடுத்த தலைமுறைக்கும் வாசித்தார். 1962 இல் பதினேழு வயதான செலோ கலைஞர் ஜக்குலின் டு பிறேயின் ஒலிப்பதிவிலும் பியானோ அவருடையதே. எல்லாருக்கும் மேலாக, ஜேர்மன் பாடகர் டீட்ரிஷ் ஃபிஷர்-டீஸ்கௌ. 1951 இல் இருவரும் இலண்டனில் 'ஆலைக்காரனின் அழகுமகள்' தொகுதியைப் பதிவுசெய்தார்கள். குண்டுகள் ஓய்ந்து ஆறு வருடங்களே ஆகியிருந்தன. ஜேர்மன் இராணுவத்திற் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டுப் போர்க் கைதியாக இருந்த இளைஞர் ஒருவரும், ஜேர்மன் விமானங்கள் குண்டு போட்ட இலண்டனின் கலைஞர் ஒருவரும் ஒரே மூச்சில் ஒரு ஜேர்மன் கவிதையை வாசித்தார்கள். சமாதானத்தைப் பற்றிய பல உரைகளைவிட எனக்கு இது பெரிதாகப் படுகிறது.

மூரைப் பற்றி எழுதுவோர் அவருடைய பணிவைப் போற்றுவது வழக்கம். அந்தச் சொல் எனக்குப் போதவில்லை. பணிவு மட்டும் உள்ளவர் பாடகரைப் பின்தொடர்வார். மூர் பின்தொடர்ந்தவர் அல்லர். பாட்டு தொடங்குமுன் வரும் நான்கைந்து சுரங்களிலேயே பொழுது காலையா மாலையா, காதலன் நம்புகிறானா ஏமாந்துவிட்டானா என்பதையெல்லாம் அவர் தீர்மானித்துவிடுவார். பாடகர் அதற்குள் நடந்து வருவார். முன்னே போகவேண்டிய இடத்தில் முன்னே போகவும், மறைய வேண்டிய இடத்தில் மறையவும் தெரிந்தவர் அவர். இரண்டுக்கும் துணிவு வேண்டும். இரண்டாவதற்கு அதிகம் வேண்டும்.

1967 பெப்ரவரி 20 ஆம் திகதி இலண்டன் ரோயல் ஃபெஸ்டிவல் ஹோலில் அவருடைய பிரியாவிடைக் கச்சேரி நடந்தது. ஷ்வார்ஸ்கோஃப், டி லொஸ் ஏஞ்செலஸ், ஃபிஷர்-டீஸ்கௌ மூவரும் வந்து பாடினார்கள். மூவரும் தனித்தனியே ஒரு மண்டபத்தை நிரப்பக்கூடியவர்கள். அன்று அவர்கள் ஒரு பக்கவாத்தியக்காரருக்காக ஒரே மேடைக்கு வந்திருந்தார்கள். எல்லாம் முடிந்த பின் மூர் தனியே பியானோவுக்கு வந்தார். ஷூபர்ட்டின் 'இசைக்கு' என்ற பாட்டைப் பாடுகிறவர் இல்லாமல் வாசித்தார். இருண்ட நேரங்களில் தன்னை வேறோர் உலகுக்கு எடுத்துச் சென்ற கலைக்கு ஒருவன் நன்றி சொல்லும் கவிதை அது. எழுதியவர் ஷூபர்ட்டின் நண்பர் ஷோபர். சொல் ஒன்றும் ஒலிக்கவில்லை. அவருக்குக் கிடைத்த ஒரே தனி ஆவர்த்தனம் அதுதான் என்று சொல்லலாம். அதையும் அவர் ஒரு நன்றியுரையாக்கிக் கொண்டார்.

மேடையை விட்டாலும் ஒலிப்பதிவுக் கூடத்தை அவர் விடவில்லை. அறுபத்தேழு வயதைத் தாண்டிய பின்னரும் ஃபிஷர்-டீஸ்கௌவுடன் இருந்து, ஆண்குரலுக்குரிய ஷூபர்ட் பாடல்களில் நானூறுக்கும் மேற்பட்டவற்றை ஒரு பெரும் வரிசையாகப் பதிவுசெய்து முடித்தார். ஷூபர்ட்டின் பாடல் தொகுதிகளைப் பற்றி 1975 இலும், ஷூமனின் பாடல்களைப் பற்றி 1981 இலும் நூல்கள் எழுதினார். அந்நூல்களில் ஒவ்வொரு பாட்டுக்கும் முதலில் கவிதையைச் சொல்கிறார். பிறகே சுரத்துக்கு வருகிறார். 1987 மார்ச் 13 ஆம் திகதி அவர் காலமானார். அதே ஆண்டில் கிரஹாம் ஜோன்சன் என்ற இளைய பியானோ கலைஞர், பல பாடகர்களைக் கொண்டு ஷூபர்ட்டின் பாடல்கள் அனைத்தையும் பதிவுசெய்யும் பணியைத் தொடங்கினார். 37 இசைத்தட்டுகளாக நிறைவேறிய அந்த முயற்சியில் பாடகர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். மாறாமல் இருந்து திட்டமிட்டு நடத்தியவர் பியானோக்காரர். பொடி எழுத்தில் இருந்த பெயர் அட்டையின் முகப்புக்கு வந்துவிட்டது. இந்த மாற்றத்தை மூர் ஒருவரே செய்தார் என்று சொல்ல மாட்டேன். அவருக்கு முன் கொன்ராட் பொஸ் போன்றவர்கள் இருந்தார்கள். காலமும் கருவியும் துணைசெய்தன. ஆனால் இத்தொழிலுக்கு ஒரு நாவைக் கொடுத்தவர் மூர்.

இலக்கியத்திலும் இப்படிப் பக்கத்தில் இருக்கிறவர்கள் உண்டு. உரையாசிரியர்கள், பதிப்பாசிரியர்கள், மொழிபெயர்ப்பாளர்கள். அவர்களுடைய பெயரும் பொடி எழுத்தில்தான். சொந்தமாக ஒன்றும் எழுதாதவர் என்று அவர்களை நாம் சுலபமாக ஒதுக்கிவிடுகிறோம். இன்னொருவருடைய சொல்லை அதன் முழு ஆழத்துக்கும் கேட்டு, அது பிறருக்குக் கேட்கும்படி செய்வது சின்னக் காரியமல்ல. தம் சத்தம் கூடிவிட்டதா என்று ஒவ்வொரு மாலையும் தம்மையே கேட்டுக்கொண்டவர் மூர். அந்தக் கேள்வியை அவருக்குப் பக்கத்தில் நின்று பாடியவர்களும், பாட்டை மட்டுமே கேட்டுவிட்டு எழுந்துபோன நாங்களும் ஒருமுறையாவது கேட்டிருக்கலாம்.